கையை எடுத்தால் நிற்க வேண்டும்

சுவிட்சை நான் இன்றும் புறங்கையால்தான் போடுவேன். வீட்டில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். என் வயதுக்காரர்களே, உங்களில் யாராவது மின்சார வேலை செய்கிறவர் வீட்டில் வளர்ந்திருந்தால் சிரிக்க மாட்டீர்கள். உள்ளங்கையில் ஷாக் அடித்தால் விரல்கள் மூடிக்கொள்ளும், விடாது. புறங்கையில் அடித்தால் கை தானாகத் தெறித்து விலகிவிடும். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் நைனா. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிட்டோம். லஸ் பக்கம் ஒரு கடையில் ஃபேனுக்குக் காயில் சுற்றுகிற வேலை அவருக்கு.

நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவன். நாலு பேர் நடுவில் பேசவும் வராது. ஆனால் போன மாதம் பாண்டி பஜாரில் ஒரு பெண் பேட்டரி வண்டியில் சத்தமே இல்லாமல் என் பக்கத்தில் வந்து நின்றாள். எனக்கு முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. அந்தப் பெண்ணே பயந்துபோய், “என்ன ஆச்சு சார்?” என்று கேட்டாள். பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். அவளுக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். அறுபதுகளின் கடைசியில் ஒரு கோடை விடுமுறை அது. எனக்குப் பத்து வயது.

கோயில் மாட வீதியை ஒட்டிய ஒரு சந்தில், எட்டுக் குடித்தனம் இருந்த வீட்டில் கடைசி போர்ஷன் எங்களுடையது. அக்காவுக்கு மூன்று வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து இரண்டு காலும் செயலற்றுப் போயின. இடது கையிலும் பலம் குறைவு. டம்ளரைப் பிடிப்பாள், சொம்பைப் பிடிக்க மாட்டாள். எட்டாவது வரைக்கும் நைனாதான் அவளைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து, விழாமல் இருக்கத் தன் இடுப்போடு ஒரு துண்டால் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். அந்த வருடம் கடைசிப் பரீட்சை அன்று சைக்கிள் சறுக்கியது. துண்டு கட்டியிருந்ததால் இருவரும் ஒன்றாகவே விழுந்தார்கள். நைனாவுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. அக்காவின் நெற்றியில் மூன்று தையல்.

அதற்குப் பிறகு அவளைச் சைக்கிளில் ஏற்ற நைனாவுக்குத் தைரியம் வரவில்லை. கை ரிக்‌ஷா வைக்கலாம் என்று அம்மா சொன்னாள். ஒரு மனுஷன் மூச்சு வாங்க இழுக்கிற வண்டியில் ஏற மாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டாள். கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டி இருந்தது, ஆனால் அதற்கு இரண்டு கையும் நன்றாக இருக்க வேண்டும். ஜூனில் அவள் ஒன்பதாவது போவாளா, வீட்டோடு இருப்பாளா என்பதுதான் அந்தக் கோடை முழுவதும் எங்கள் வீட்டில் இருந்த கேள்வி.

பேட்டரி வண்டி யோசனை மாமாவுடையது. அம்மாவின் தம்பி. சபாக்களில் நாடகம் நடக்கும்போது விளக்குப் போடுகிறவர். நைனாவுக்கும் அவருக்கும் எதிலும் ஒத்துப்போகாது, ஆனால் ஒருவரை ஒருவர் பார்க்காமலும் இருக்க முடியாது. இந்த யோசனை மட்டும் நைனாவுக்கு உடனே பிடித்துவிட்டது. பழைய மோட்டார் காரின் டைனமோ ஒன்று கடையில் கிடந்தது. பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்தால் அதுவே மோட்டார் மாதிரிச் சுற்றும் என்று அவருக்குத் தெரியும். சைக்கிள் சக்கரம் மூன்று, கட்டில் சட்டம், லாரியிலிருந்து கழற்றிய பேட்டரி ஒன்று. அந்தக் காலத்து பேட்டரிகள் உங்களுக்கு நினைவிருக்கும். மேலே ஆறு மூடிகளும், உள்ளே இருக்கும் ஆறு அறைகளை இணைக்கும் ஈயப் பட்டைகளும் வெளியே தெரியும். தூக்கினால் ஆசிட் பட்டுச் சட்டையில் ஓட்டை விழும்.

உட்காருவதற்கு மாமா கொண்டுவந்தது ஒரு சிம்மாசனம். நாடகக் கம்பெனி ஒன்று கழித்துப்போட்ட ராஜா நாற்காலி. இரண்டு கைப்பிடியிலும் சிங்கத் தலை, அதில் ஒன்றுக்கு மூக்கு இல்லை. ஜிகினாத் தாள் அங்கங்கே உரிந்திருந்தது. கால்களை அறுத்துவிட்டு அதை வண்டியின் மேல் பொருத்தினார்கள். பக்கத்துப் போர்ஷன் பிள்ளைகள் அன்றிலிருந்து அக்காவை மகாராணி என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. “கப்பம் எங்கடா?” என்று கேட்டு அவர்களிடம் புளியங்காய் வாங்கித் தின்றாள்.

வண்டி தயாரானது. வேகத்தை எப்படிக் கூட்டுவது, எப்படிக் குறைப்பது என்பதில்தான் சண்டை வந்தது.

நைனா தனக்குத் தெரிந்ததைச் செய்தார். ஃபேன் ரெகுலேட்டர். சுவரில் கருப்பாக, வட்டமாக, ஐந்து எண் போட்டு இருக்குமே, அதுதான். முதல் நாள் அதை அப்படியே மாட்டினார். ஐந்தில் வைத்தும் வண்டி அசையவில்லை. மாமா வாசலில் குந்திக்கொண்டு, நைனாவைப் பார்த்து, “இன்னா மாமா, காத்தாவது வருதா?” என்றார். நைனா அதற்குள்ளிருந்த மெல்லிய கம்பியை எடுத்துவிட்டு, கரண்ட் அடுப்பின் ஸ்பிரிங் கம்பியை அறுத்து வைத்தார். அந்த ரெகுலேட்டர் பெட்டியைச் சிம்மாசனத்துக்கு அடியில் திருகினார்.

ஓட்டிப் பார்க்க என்னை உட்காரவைத்தார்கள். அக்காவை முதலில் ஏற்ற யாருக்கும் மனசில்லை, பெரியவர்களின் கனத்தை டைனமோ தாங்காது. நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. எனக்கு அப்படிச் சொல்லத் தெரியாது.

அன்று வண்டி நகர்ந்தது. ஒன்று, இரண்டு வரைக்கும் போனேன். முதலில் தொடைக்கு அடியில் வெதுவெதுப்பாக இருந்தது. அப்புறம் தேங்காய் நார் கருகுகிற வாசனை. குனிந்து பார்த்தேன். பலகை இடுக்கில் கம்பி சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது. இறங்கலாமா, இறங்கினால் திட்டுவார்களா என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அம்மாதான் புகையைப் பார்த்து ஓடிவந்து என்னைத் தூக்கினாள். என் டிராயரின் பின்புறம் ரூபாய் அளவுக்குக் கருகியிருந்தது. நைனா வாளித் தண்ணீரை ஊற்றினார்.

அதற்கு அடுத்த நாள் மாமா ஒரு பீங்கான் ஜாடியோடு வந்தார். அம்மா ஆவக்காய் போட்டுவைக்கிற அளவில் இருக்கும். சபாவில் விளக்கை மெல்ல மெல்ல ஏற்றுவதும் இறக்குவதும் இதை வைத்துத்தான். ஜாடியில் உப்புத் தண்ணீர். அடியில் ஒரு செம்புத் தகடு. மேலேயிருந்து கயிற்றில் இன்னொரு தகடு தொங்கும். தொங்குகிற தகடு கீழே இறங்க இறங்க விளக்கு பிரகாசமாகும், மேலே தூக்கினால் மங்கும். வண்டியிலும் அப்படியே. கயிற்றை இழுத்துப் பிடித்தால் மெதுவாகப் போகும், தளர்த்தினால் வேகமாகப் போகும், முழுக்க இழுத்து ஆணியில் மாட்டினால் நிற்கும். நைனா முன் சக்கரத்துக்கு ஒரு சைக்கிள் பிரேக்கும் வைத்திருந்தார், ஆனால் மோட்டார் இழுக்கும்போது அது சும்மா கீச்சென்று கத்தும், அவ்வளவுதான்.

“எத்தினி சூரியோதயம் பண்ணியிருக்கேன் தெரியுமா, இந்த ஜாடியில?” என்றார் மாமா.

“மேடையில வெளக்கு நின்ன எடத்துல நிக்கும். இது ஓடற வண்டி,” என்றார் நைனா.

“கயிறு கையில கீது இல்ல? அப்புறம் இன்னா பயம்?”

கயிறு அறுந்துபோனால் என்ன ஆகும் என்று நைனா கேட்டார். மாமாவுக்கு அந்தக் கேள்விதான் ரொம்பப் பிடித்தது. கயிறு அறுந்தாலும் கை நழுவினாலும் தகடு தன் கனத்தில் அடிக்குப் போய்விடும், விளக்கு முழுசாக எரியும், நடுக் காட்சியில் மேடை இருட்டாகாது, இதற்காகத்தான் இப்படிக் கட்டுகிறோம் என்று பெருமையாகச் சொன்னார். நைனாவும் தலையாட்டினார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். விளக்கு முழுசாக எரிந்தால் சரி. வண்டி முழுசாக ஓடினால்? அந்தக் கேள்வி எனக்குள் வந்தது உண்மை. வாய் வரைக்கும் வரவில்லை.

நைனா பீடியைத் தேய்த்து அணைத்துவிட்டுச் சொன்னார்: “இதுவும் சரிப்படலன்னா பிரிச்சி காயலான் கடையில போட்ருவேன். பொண்ணு ஊட்டோட இருக்கட்டும். படிச்சது போதும்.”

அக்கா உள்ளே ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்பதாவது வகுப்புப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். யாரிடமோ இரவல் வாங்கிய பழைய புத்தகம். கத்தரிக்கோல் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டது.

மறுநாள் விடிகாலையில் மாட வீதியில் என்னை வைத்து ஓட்டினார்கள். வலது கையில் ஹேண்டில்பார், இடது கையில் கயிறு. முதுகுக்குப் பின்னால் ஜாடி குமிழி விடுகிற சத்தம். பிளீச்சிங் பவுடர் மாதிரி ஒரு நெடியில் தொண்டை கமறியது. தண்ணீர் பச்சையாக மாறிவிட்டிருந்தது. சபாவில் இப்படிப் பச்சையானதே இல்லையே என்று மாமா தலையைச் சொறிந்தார். சபாவில் வருகிற கரண்ட் வேறு வகை, பேட்டரிக் கரண்ட் செம்பைக் கரைத்துப் பச்சையாக்கும் வேறு வகை என்பது எனக்கே பின்னாளில்தான் தெரிந்தது. காயில் சுற்றுகிற நைனாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சண்டை போடுகிற மும்முரத்தில் இரண்டு பேருமே அதை யோசிக்கவில்லை.

பூக்கட்டுகிறவர்கள் உட்காரும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் என் உள்ளங்கை வேர்த்திருந்தது. கயிறு ஒரு சாண் நழுவியது. வண்டி துள்ளிப் பாய்ந்தது. என்ஜின் சத்தம் இருந்தால் ஜனங்கள் திரும்பிப் பார்ப்பார்கள், இதில் சத்தமே இல்லை. பூக்கூடைகள் என்னை நோக்கி வந்தன. எப்படியோ கயிற்றை மணிக்கட்டில் சுற்றி இழுத்தேன். ஒரு கூடையை உரசிக்கொண்டு வண்டி நின்றது. பூக்காரம்மா என் குடும்பத்தையே திட்டினாள்.

பின்னால் ஓடிவந்த மாமாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் வேண்டுமென்றே வேகம் காட்டியதாக நினைத்துக்கொண்டார். “பாத்தீங்களா மாமா, இன்னா ஸ்பீடு!”

நைனா என்னைப் பார்த்துக் கேட்டார். “எப்டிடா கீது?”

இப்போது யோசித்தால் அந்த ஒரு நிமிடத்தில் எல்லாமே இருந்தது. கை நழுவிவிட்டது என்று சொன்னால் போதும். ஆனால் சொன்னால் வண்டி காயலான் கடைக்குப் போகும், அக்காவின் புத்தகம் இரவல் கொடுத்தவர் வீட்டுக்குத் திரும்பிப் போகும், மாமா கோபித்துக்கொண்டு வராமல் போவார். மூன்றும் என்னால் நடந்ததாக ஆகிவிடும். மணிக்கட்டில் கயிறு அறுத்த இடத்தைச் சட்டைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

“நல்லா கீது நைனா.”

அந்த வாரம் முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மாந்தம் என்று அம்மா வசம்பு உரைத்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவை ஏற்றினார்கள். எட்டுக் குடித்தனமும் வாசலில் நின்றது. அக்கா இரட்டைப் பின்னல் போட்டு ரிப்பன் கட்டியிருந்தாள். சிங்கத் தலை மேல் கை வைத்து அவள் உட்கார்ந்தபோது யாரோ கைதட்டினார்கள். மாமா கயிற்றை அவள் இடது கையில் கொடுத்தார். வலது கை ஹேண்டில்பாருக்கு வேண்டும், அதனால் கயிறு இடது கைக்கு. சொம்பைப் பிடிக்க முடியாத கை. நைனாவும் பார்த்துக்கொண்டிருந்தார், அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் பார்த்துப் பழகியதாலோ என்னவோ, அந்தக் கை யார் கண்ணிலும் படவில்லை. எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது.

எங்கள் சந்து நேராகப் போய்க் குளத்துச் சுவரில் முட்டும். அங்கே வலது பக்கம் திரும்பினால் மாட வீதி. நேராகப் போனால் சுவரில் ஒரு திறப்பு, அதிலிருந்து கருங்கல் படிகள் கீழே இறங்கும். அந்த வருடம் குளத்தில் தண்ணீர் இல்லை. அடியில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

வண்டி மெதுவாகக் கிளம்பியது. நான் அதன் பின்னால், பேட்டரி இருந்த பக்கமாக ஓடினேன். பாதிச் சந்து வரைக்கும் அழகாகப் போனாள். திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். குளத்துச் சுவர் கிட்டத்தில் வந்ததும் ஹேண்டில்பாரைத் திருப்ப வேண்டியிருந்தது. வலது கையை அழுத்தி வளைத்தபோது இடது கை தானாகத் தளர்ந்தது. கயிறு விரல்களிலிருந்து கழன்று போவதை நான் பார்த்தேன். ஜாடிக்குள் தகடு அடியில் போய் டக்கென்று உட்கார்ந்த சத்தமும் கேட்டது.

வண்டி பாய்ந்தது. ஹேண்டில்பார் நேராகிவிட்டது. பிரேக் கத்தியது. எதிரே சுவரின் திறப்பு.

கத்த வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. யாரைப் பார்த்துக் கத்துவது? நிறுத்து என்று சொன்னால் நிறுத்துவதற்கு அவள் கையில் ஒன்றும் இல்லை. பேட்டரி மேல் கம்பியைப் பிடித்திருந்த கிளாம்பை ஒரு வாரமாகத் தினமும் கழற்றி மாட்டியவன் நான்தான். அது தளர்வாக இருக்கும் என்று தெரியும். ஓடிக்கொண்டே கையை நீட்டி அதைப் பிடித்து இழுத்தேன். புறங்கையால் ஒரு பொருளைப் பிடிக்க முடியாது. உள்ளங்கையால்தான் பிடித்தேன்.

நீலமாக ஒரு பொறி தெறித்தது. கிளாம்பு கையோடு வந்துவிட்டது. நான் குப்புற விழுந்தேன். தலையை நிமிர்த்திப் பார்த்தபோது வண்டி வந்த வேகத்திலேயே திறப்புக்குள் போய், முன் சக்கரம் முதல் படியில் இறங்கி, கட்டில் சட்டம் கல்லில் இடித்து நின்றிருந்தது. ஜாடி உருண்டு உடைந்து பச்சைத் தண்ணீர் படிபடியாக இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா மூக்கில்லாத சிங்கத்தை வலது கையால் கட்டிக்கொண்டு சாய்ந்து தொங்கினாள். அழவில்லை. ரிப்பன் ஒன்று அவிழ்ந்து கீழே விழுந்தது, ஓர் ஆடு வந்து மோந்து பார்த்தது.

நைனாவும் மாமாவும் ஓடிவந்தார்கள். வந்து என்ன செய்தார்கள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். சண்டை போட்டார்கள். ஓடற வண்டி என்று அன்றைக்கே சொன்னேனா இல்லையா என்று நைனா கேட்டார். கயிறு புதுசு, தகடு புதுசு, உங்க பிரேக்தான் சரியில்லை என்றார் மாமா. ஒருவர் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, மற்றவர் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, அக்கா நடுவில் தொங்க, அவள் தலைக்கு மேலே பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் பயந்துபோயிருந்தார்கள், பயத்தை வைக்க வேறு இடம் தெரியவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

“மொதல்ல என்னை எறக்குங்க,” என்றாள் அக்கா.

அவளை இறக்கிப் படியில் உட்காரவைத்தார்கள். அம்மா அவள் தலையைத் தடவிக்கொண்டே அழுதாள். அக்கா அம்மாவின் கையை விலக்கிவிட்டு நைனாவைப் பார்த்துக் கேட்டாள்.

“இந்த வண்டியில போவப்போறது யாரு?”

நைனா மாமாவைத் திரும்பிப் பார்த்தார்.

“இத்தினி நாளா ஸ்பீடு ஸ்பீடுன்னு பேசிக்கினு இருந்தீங்களே, எனக்கு எத்தினி ஸ்பீடு வோணும்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா? எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும். தம்பி நடக்கிற ஸ்பீடு. கை வெச்சா ஓடணும். எடுத்தா நிக்கணும். அவ்ளோதான்.”

மாமா மெதுவாக, “கை எடுத்தா நின்னுடுமா? நடு ரோட்டுல நின்னுடுச்சின்னா?” என்று கேட்டார்.

“நிக்கட்டுமே மாமா. நான் இன்னா நாடகமா ஆடறேன்?”

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம்தான் அம்மா என் கையைப் பார்த்தாள். உள்ளங்கையில் கிளாம்பின் வடிவம் வெள்ளையாகப் பொரிந்திருந்தது. பெருவிரலுக்குக் கீழே அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

நைனா காயலான் கடைப் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. பேட்டரியின் முழு பலமும் வேண்டாம் என்று ஆனதால் வேலை சுலபமாகிவிட்டது. ஆறு அறைகளில் மூன்றை மட்டும் எடுத்து, நடு ஈயப் பட்டையிலிருந்து கம்பி கொடுத்தார். வேகம் பாதியானது. சிங்கத் தலைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பலகை, அதற்கு அடியில் சைக்கிள் சீட்டின் ஸ்பிரிங். அக்கா இடது கையைச் சும்மா பலகை மேல் போட்டால் போதும், கையின் கனத்திலேயே அது அமுங்கிக் கரண்ட் போகும். கை சரிந்தால் ஸ்பிரிங் தூக்கிவிடும், வண்டி நின்றுவிடும். பலம் இல்லாத கைக்கு அதைவிடப் பொருத்தமான வேலை இருக்க முடியாது. பலகைக்கு அடியில் வைக்கப் பித்தளைத் தகடு கொண்டுவந்து கொடுத்தது மாமாதான். கொடுத்துவிட்டு உட்கார்ந்து காபி குடித்தார்.

முதல் தடவை அதை ஓட்டிப் பார்த்தவள் அக்காவே. என்னை ஏற்ற அவள் விடவில்லை.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. அக்கா ஒன்பதாவது போனாள். ஆனால் அம்மாவுக்குக் குளத்துப் படி கண்ணை விட்டுப் போகவில்லை. கூட ஓர் ஆள் நடக்காமல் வண்டி வாசலைத் தாண்டக் கூடாது என்றாள். கையை எடுத்தால் நிற்கும், ஆள் வேண்டாம் என்று அக்கா எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். நைனாவுக்கும் அம்மாவின் பயம் தொற்றிக்கொண்டது. காலையில் கொண்டுபோய்விட்டு, மத்தியானம் சாப்பாடு கொடுத்து, சாயங்காலம் கூட்டிவர ஓர் ஆள். நான் ஐந்தாவது முடித்திருந்தேன். இந்த வருடம் போகட்டும், அடுத்த வருடம் ஆறாவதில் சேர்க்கலாம் என்று நைனா சொன்னார். அடுத்த வருடமும் அதையே சொன்னார்.

அக்காவைக் கேட்காதவர்கள் என்னையும் கேட்கவில்லை. அவளாவது வாயைத் திறந்தாள். நான் அப்போதும், நல்லா கீது நைனா என்று சொன்ன அதே பையன்தான்.

அக்கா எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப் கற்றுக்கொண்டு, தி. நகரில் ஓர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். வண்டிக்கு இரண்டு தடவை பேட்டரி மாற்றினோம். கடைசியில் சட்டம் துருப்பிடித்து, அது எப்படியும் போக வேண்டிய கடைக்கே போனது. சிங்கத் தலையையாவது கழற்றி வைத்திருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை.

ஆனால் நான் சொல்ல நினைத்தது அந்த முதல் ஜூன் மாதத்தைப் பற்றி. போகிற வழியில் ஆண்கள் ஹைஸ்கூல் ஒன்று இருந்தது. தெருவை ஒட்டிய கீழ் அறைதான் ஆறாவது. என்னோடு படித்தவர்கள் உள்ளே உட்கார்ந்திருப்பார்கள். அந்த ஜன்னல் வந்தால் நான் முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நடப்பேன்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அந்த ஜன்னலுக்கு நேராக வந்ததும் வண்டி நின்றது. கம்பி விட்டுவிட்டதா, பலகை உடைந்துவிட்டதா என்று பதறிக் குனிந்தேன். அக்காவின் இடது கை மடியில் இருந்தது.

“இன்னாக்கா?”

“பேட்டரி சூடாயிடுச்சிடா. கொஞ்ச நேரம் ஆறட்டும்.”

உள்ளே வாத்தியார் இங்கிலீஷ் பாடம் வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு வரி அவர் சொல்ல, முப்பது பையன்கள் திருப்பிச் சொன்னார்கள். அக்கா எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடிக்கிற நேரம் ஆகிவிட்டது என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். பாடம் முடிகிற வரைக்கும் அவள் கையைப் பலகை மேல் வைக்கவில்லை.

நான் புறங்கையால் பேட்டரியைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது.